பிஎஸ்க்யூஎல்லில் சூழல் மாறிகள்: நீண்ட நாள் பயன்பாட்டுக்குப் பிறகு

2022-ல் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் 15-ஆம் பதிப்பு வந்ததிலிருந்து, ஷெல்லில் இருக்கும் சூழல் மாறிகளை (புரோகிராம்களுக்குக் கிடைக்கும்படி பெயரிட்டு வைத்த மதிப்புகளை) அதன் கட்டளை வரிக் கருவியான பிஎஸ்க்யூஎல்லுக்குள் கொண்டுவர 'கெட்என்வ்' கட்டளையைத்தான் பயன்படுத்துகிறேன். அதற்கு முன் பேக்டிக் (`) குறிகளுக்குள், மதிப்பை அச்சிடும் ஷெல் கட்டளையான எக்கோவை எழுத வேண்டியிருந்தது. விண்டோஸில் அதே வரிக்கு வேறு வடிவம். இப்போது எங்கேயும் ஒன்றுதான்: பேக்ஸ்லாஷ் கெட்என்வ், அடுத்து பிஎஸ்க்யூஎல்லுக்குள் வைக்கும் பெயர், கடைசியில் சூழல் மாறியின் பெயர்.

எனக்கு மிகவும் பிடித்தது, சூழல் மாறி இல்லாதபோது இது நடந்துகொள்ளும் விதம். லினக்ஸில் எக்கோ முறை என்றால் வெற்று மதிப்பு வந்து உட்கார்ந்துவிடும். குவெரியும் எதுவும் நடக்காதது போல ஓடி முடியும். கெட்என்வ் உள்ளே இருக்கும் மாறியைத் தொடவே தொடாது. அந்த மாறிக்கு ஏற்கெனவே மதிப்பு இல்லையென்றால், குவெரியில் எழுதிய அதன் பெயர் முன்னால் இருக்கும் கோலனோடு சேர்ந்து அப்படியே சர்வருக்குப் போய் சின்டாக்ஸ் எரராகத் திரும்பும். தவறு உடனே தெரிந்துவிடுவது பெரிய நிம்மதி.

டிஃபால்ட் மதிப்புக்கும் இதுவே கை கொடுக்கிறது. முதல் வரியில் 'செட்' போட்டு நாள் எண்ணிக்கையை 30 என்று வைக்கிறேன். அடுத்த வரியில் கெட்என்வ். ஷெல்லில் 7 இருந்தால் 7, இல்லாவிட்டால் 30. ஆனால் வெறுமையாக எக்ஸ்போர்ட் செய்த மாறியும் 'இருக்கிறது' என்றே கணக்கு, அப்போது 30 அழிந்துபோகும். கட்டாயம் வேண்டிய மதிப்பு என்றால் முதலில் 'அன்செட்' போட்டு உள்ளே இருக்கும் மாறியை நீக்கிவிடுவது நல்லது. பிஎஸ்க்யூஎல் தொடங்கும்போது படிக்கும் பிஎஸ்க்யூஎல்ஆர்சி கோப்பு விட்டுவைத்த பழைய மதிப்பு ஒட்டிக்கொண்டிருக்கலாம்.

பெயர் வைப்பதில் கொஞ்சம் கண்டிப்பாக இருக்கிறேன். முழுக்கப் பெரிய எழுத்தில் உள்ள பெயர்கள் பிஎஸ்க்யூஎல்லின் சொந்த உபயோகத்துக்கு. ஹோஸ்ட், போர்ட், யூசர் எல்லாம் அங்கே ஏற்கெனவே உண்டு. அதனால் உள்ளே சின்ன எழுத்துதான். வெளியே புராஜெக்ட் பெயரை முன்னொட்டாகச் சேர்க்கிறேன். பிஜி என்று தொடங்கும் பெயர் வேண்டவே வேண்டாம்: பிஜிஹோஸ்ட், பிஜிடேட்டாபேஸ் போன்றவை இணைப்பையே மாற்றிவிடும்.

மதிப்பைப் பயன்படுத்தும்போது கோலனுக்கு அடுத்து பெயரை ஒற்றை மேற்கோளுக்குள் எழுதுங்கள். மதிப்புக்குள்ளேயே மேற்கோள் வந்தாலும் பிஎஸ்க்யூஎல் பார்த்துக்கொள்ளும். டேபிள் பெயர் என்றால் இரட்டை மேற்கோள். ஆனால் டாலர் குறிகளுக்குள் எழுதும் டூ பிளாக்கில் (சர்வரில் நேரடியாக ஓடும் கோட் துண்டில்) இந்த மாற்றீடு நடக்காது. அங்கே 'செட் கான்ஃபிக்' ஃபங்ஷன் வழியாக மதிப்பை செஷனில் வைத்துவிட்டு, பிளாக்குக்குள் 'கரன்ட் செட்டிங்' மூலம் எடுத்துக்கொள்கிறேன்.

பாஸ்வேர்டை இந்த வழியில் நான் கொண்டுவருவதே இல்லை. சில இயங்குதளங்களில் ஒரு புராசஸின் சூழல் மாறிகளை மற்றவர்களும் பார்க்க முடியும். அதற்கு, பாஸ்வேர்டுகளை எழுதி வைக்கும் பிஜிபாஸ் கோப்புதான் சரி. லினக்ஸில் அதன் அனுமதி 0600 ஆக, அதாவது உரிமையாளர் மட்டும் படிக்கவும் எழுதவும் முடிவதாக இருக்கட்டும். குழுவுக்கோ மற்றவர்களுக்கோ திறந்திருந்தால் பிஎஸ்க்யூஎல் அந்தக் கோப்பைக் கணக்கிலேயே எடுக்காது.