நூற்றாண்டு மலர்: மணி இருக்கிறது, அம்மாவைக் காணோம்

எங்கள் கத்தோலிக்கப் பங்கும் (ஒரு கோயிலும் அதைச் சேர்ந்த மக்களும்) அதன் பள்ளியும் நூறு வருடம் கண்டதற்கு மலர் போட்டிருக்கிறார்கள். இரண்டு முறை படித்துவிட்டேன். முப்பது வருடம் பிழை திருத்திப் பிழைத்தவன் நான். அந்தக் கண்ணோடுதான் எழுதுகிறேன்.

முதல் நாற்பது பக்கம் வாழ்த்துச் செய்தி. புரட்டிவிடலாம். அப்புறம் பங்குத்தந்தையர் வரிசை, கோபுரம் எழுந்த கதை, மணி வந்த கதை. 47ஆம் பக்கத்தின்படி பொறுப்பேற்றே இராத ஒரு சாமியார், 63ஆம் பக்கத்தில் அந்த மணியை மந்திரித்துவிடுகிறார்!

மலரின் உயிர் 72ஆம் பக்கம்தான். பழைய ஞானஸ்நானப் பதிவேட்டின் ஒரு தாளை அப்படியே படமெடுத்துப் போட்டிருக்கிறார்கள். லத்தீனில், சாய்ந்த கையெழுத்தில், பிள்ளை, பெற்றோர், ஞானப்பெற்றோர் பெயர்கள். ஒரு பெயருக்கு நேரே ஓரத்தில், வேறு மையில், பொடி எழுத்து: அந்தப் பிள்ளை வளர்ந்து வேறொரு பங்கில் திருமணம் முடித்த நாள். 1908இல் நடைமுறைக்கு வந்த ரோமாபுரி ஆணைப்படி, திருமணம் எங்கே நடந்தாலும் ஞானஸ்நானப் பதிவேட்டில் அது ஏற வேண்டும். திருமணப் பதிவேடு இன்னும் பழையது. 1563இல் திரிதெந்து பொதுச்சங்கம், அதாவது கத்தோலிக்க ஆயர்களின் மாமன்றம், கட்டாயமாக்கியது. 1614க்குப் பிறகு இறந்தவர்களுக்கும் பங்குக் குடும்பங்களுக்கும் தனித்தனிப் பதிவேடு. ஆக, பங்கின் கதையில் பாதி ஏற்கெனவே எழுதி அலமாரியில் இருக்கிறது. மலர்க் குழு எடுத்தது ஒரே ஒரு தாள்.

பள்ளிக்கு ஆறே பக்கம். சேர்க்கைப் பதிவேட்டை யாரும் திறந்ததாகத் தெரியவில்லை. எந்தத் தெருப் பிள்ளைகள் முதலில் வந்தார்கள், பெண் பிள்ளைகள் எப்போது சேர்ந்தார்கள், ஒரு வரி கிடையாது. புதுக் கட்டடத் திறப்புக்கு மட்டும் நான்கு படம்.

என் அம்மா அங்கே இருபத்தாறு வருடம் ஒன்றாம் வகுப்பு எடுத்தவர். ஆசிரியர் குழுப் படத்தை இரண்டு பக்கத்துக்கு விரித்துப் போட்டதில், பின்வரிசையில் நின்ற அவர் முகம் பாதி நடு மடிப்புக்குள் போய்விட்டது. கீழே ‘ஆசிரியப் பெருமக்கள்’ என்று மொட்டையாக ஒரு வரி. மடிப்பை அழுத்தி விரித்தால் தாள் கழன்று வருகிறது. வெறும் பசை பைண்டிங். வழவழத் தாள் வேறு, டியூப்லைட்டுக்குக் கீழே வைத்தால் பாதி எழுத்து மின்னுகிறது.

நேற்று கழன்ற தாளை அம்மாவிடம் கொடுத்தேன். பதினான்கு பேரில் பதினொருவர் பெயரைச் சொன்னார். பென்சிலால் ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறேன். மறுபதிப்பு போடுவதாக இருந்தால் குழு அதை வாங்கிக்கொள்ளலாம்.