பரளிக்காடு சூழல் சுற்றுலா: பரிசலில் அமர்ந்து காட்டின் பயனை அறிய ஒரு நாள்

கோவை மாவட்டம் காரமடை வனச்சரகத்தில், பில்லூர் அணையின் நீர்த்தேக்கத்தை ஒட்டியுள்ள பரளிக்காட்டில், வனத்துறையும் அங்கு வாழும் பழங்குடி மக்களும் சேர்ந்து வார இறுதி நாட்களில் நடத்தும் ஒரு நாள் சூழல் சுற்றுலாவைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். பரிசல் பயணம், மதிய உணவு, அத்திக்கடவில் ஆற்றுக் குளியல் ஆகியவையே நிகழ்ச்சியின் முக்கியப் பகுதிகள். இவை தனித்தனியே பிற ஊர்களிலும் கிடைப்பவைதாம். ஆனால் ஒரு காடு காடாகவே இருப்பதால் யாருக்கு என்ன கிடைக்கிறது என்பதை இவ்வளவு அருகிலிருந்து காட்டும் சுற்றுலாவை நான் வேறெங்கும் கண்டதில்லை.

வந்து சேர்ந்தவர்களுக்குச் சுக்குக் காபி தருகிறார்கள். பின்னர் உயிர்காப்பு உடை அணிந்து பரிசலில் ஏற வேண்டும். பரிசல்காரர் துடுப்பை இடமும் வலமுமாக மாற்றிப் போடப் போட, வட்டப் பரிசல் இலேசாக அசைந்தபடி நகர்கிறது. இயந்திர ஓசை இல்லாததால், கரையோர மரங்களில் மலை அணில் கிளைவிட்டுக் கிளை தாவும் சலசலப்புகூடக் காதில் விழுகிறது. நீர்மட்டம் தாழ்ந்திருக்கும்போது, தண்ணீருக்கும் மரங்கள் தொடங்கும் இடத்துக்கும் நடுவே வெறும் மண் அகலமான பட்டையாகத் தெரியும். அந்த ஈர மண்ணில் மான் குளம்புத் தடங்களையும், யானைக் கால் பதிந்து நீர் தேங்கிய குழிகளையும் பரிசலில் இருந்தபடியே பார்க்கலாம்.

பரிசல் மிதக்கும் நீரின் வழியை அறிந்துகொண்டு சென்றால் இப்பயணத்தின் மதிப்பு பன்மடங்கு கூடும். நீலகிரியின் உச்சிப் பகுதியில் தோன்றும் பவானி, கேரளத்துக்குள் இறங்கி, முக்காலி அருகே கிழக்கு நோக்கித் திரும்பி, அட்டப்பாடியைக் கடந்து மீண்டும் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து பில்லூருக்கு வருகிறது. உச்சியில் உள்ள சோலைக்காடுகளும் புல்வெளிகளும் பருவமழையைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்து, மழை ஓய்ந்த பின்னும் மாதக்கணக்கில் சிறுகச் சிறுகக் கசியவிடுகின்றன. அதனால்தான் கோடையிலும் இந்த ஆற்றில் ஓட்டம் இருக்கிறது. கோவை மாநகரின் பெரும்பகுதிக்குக் குடிநீர் தருபவை பில்லூர் திட்டங்கள். இதே நீர் இங்கே மின்சாரமாகி, மேட்டுப்பாளையத்தைக் கடந்து பவானிசாகரில் தேங்கி, ஈரோடு மாவட்டத்து வயல்களுக்கும் பாய்கிறது. கோவையில் குழாயைத் திறப்பவர் எவரும் இந்த மலைக்காட்டின் விளைச்சலைத்தான் பிடிக்கிறார்.

இதன் மறுபக்கமும் இந்த நீர்த்தேக்கத்திலேயே கிடக்கிறது. நீலகிரிச் சரிவுகளில் காட்டையும் புல்வெளியையும் அழித்துத் தேயிலையும் உருளைக்கிழங்கு, கேரட் போன்ற மலைக்காய்கறிகளும் பயிரிடப்பட்ட இடங்களிலிருந்து மழை அரித்துவரும் மண், 100 அடி ஆழம் கொண்ட இந்த அணையில் வண்டலாகப் படிந்து, நீர் நிற்க வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. மலைப்பகுதிகளில் மூன்றில் இரண்டு பங்கு நிலம் காடாகவோ மரப்போர்வையுடனோ இருக்க வேண்டும் என்று 1988ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கை வலியுறுத்துவது, மண்ணரிப்பைத் தடுப்பதை முன்னிட்டுத்தான். காடு செலவின்றிச் செய்துவந்த வேலைக்கு ஈடாக இப்போது தூர்வாரும் செலவைப் பற்றிப் பேச வேண்டியிருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. இந்த நீர்வழியை விளக்கும் ஒரு பெரிய வரைபடத்தைப் பரிசல் ஏறும் கரையில் வைத்தால், குறிப்பாகப் பள்ளிப் பிள்ளைகளுக்கு, மிகுந்த பயன் தரும் என்பது என் வேண்டுகோள்.

மதிய உணவை உள்ளூர்ப் பெண்களே சமைத்துப் பரிமாறுகிறார்கள். பந்தியில் பல வகைகள் இருந்தாலும், முதலில் கேட்டு வாங்க வேண்டியது ராகிக் களியும் கீரையும்தான். சூடான களி உருண்டையில் குழி செய்து, கீரையை அதில் ஊற்றி, விள்ளல் விள்ளலாகத் தொட்டு விழுங்க வேண்டும். மென்றால் பல்லில் ஒட்டும். கோழிக்குழம்பும் நன்றாகவே இருக்கும்.

இந்தச் சுற்றுலாவின் வருமானம் சமைக்கும் பெண்களுக்கும் பரிசல் ஓட்டும் ஆண்களுக்கும் அவர்கள் ஊருக்கும் பயன்படுகிறது என்பதையே இதன் தலையாய சிறப்பாகக் கருதுகிறேன். தேன், நெல்லி, கடுக்காய், பூந்திக்காய், துடைப்பம் கட்டும் சீமார்ப்புல் போன்ற சிறு வனப் பொருள்களைச் சேகரித்து விற்கும் உரிமையை 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் பழங்குடியினருக்கு உறுதி செய்துள்ளது. ஆனால் அவை பருவத்துக்குப் பருவம் கூடிக் குறைபவை. அந்த இடைவெளியில், மரம் ஒன்றையும் தொடாமல் கைக்கு வரும் கூலி ஒரு குடும்பத்துக்குப் பெரிய ஆதரவு.

அத்திக்கடவில் நீர் சில்லென்று இருக்கும். வழிகாட்டிகள் காட்டும் இடத்தில் மட்டும் இறங்குங்கள். கூச்சலும் பாட்டும் கொண்டாட்டமுமாக நாளைக் கழிக்க விரும்புவோருக்கு இந்த இடம் ஏற்றதன்று. கோவையிலிருந்து காரமடை, வெள்ளியங்காடு வழியாகச் சுமார் 70 கி.மீ. தொலைவு, பேருந்துகள் குறைவு என்பதால் சொந்த வாகனமே வசதி. முன்பதிவு கட்டாயம். அணைக்கு நீர்வரத்து மிகும் நாட்களில் பரிசல் இயங்காது. ஆதலால் மழைக்காலத்தில் செல்பவர்கள் புறப்படுமுன் ஒருமுறை தொலைபேசியில் கேட்டுக்கொள்வது நல்லது.