கிணற்று நீருக்கான ஆர்.ஓ. வடிகட்டி: அரிசோனாவிலிருந்து ஒரு மதிப்பீடு
அரிசோனாவில் தனியார் கிணறுகள் அமெரிக்கக் கூட்டரசின் குடிநீர்ச் சட்டத்துக்குள் வருவதில்லை. நீரைச் சோதிப்பது வீட்டாரின் பொறுப்பே. அரிசோனா, ஒக்லஹோமா, டக்கோட்டா பகுதிகளின் பூர்வகுடி இளையோரை ஆராய்ந்து 2019இல் வெளியான ஆய்வு, சிறுநீரில் ஆர்சனிக் (நிலத்தடி நீரில் கலந்திருக்கக்கூடிய நச்சுத் தனிமம்) மிகுந்தவர்களுக்கு இதயத்தின் இடது கீழறைச் சுவர் தடித்திருக்கும் வாய்ப்பு கூடுதல் எனக் காட்டியதால்தான், நீரை நுண்சவ்வு வழியே அழுத்தி வடிகட்டும், சமையல் மேடைக்குக் கீழே பொருத்தும் இக்கருவியை வாங்கினோம். எங்கள் கிணற்று நீரில், பொதுக் குடிநீருக்கான லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்னும் வரம்பைத் தாண்டியிருந்த ஆர்சனிக், வடிகட்டிய பின் செய்த ஆய்வகச் சோதனையில் வெகுவாகக் குறைந்திருந்தது. சுவையும் நன்று. ஆனால், ஒருவகை ஆர்சனிக்கை நன்கு பிடிக்கும் சவ்வு, ஆக்சிஜன் குறைந்த ஆழ்கிணறுகளில் காணப்படும் மூவிணைதிற ஆர்சனிக் என்னும் மற்றொரு வகையைப் பெரிதும் நழுவவிடும் என்பதையும், அதை முன்னதாகவே ஆக்சிஜனேற்றம் செய்து, சவ்வு பிடிக்கும் வகையாக மாற்ற வேண்டும் என்பதையும் விளம்பரம் சொல்லவில்லை. பாலைநிலத்துக்கு, வீணாகும் நீரும் அதிகம். எனினும், கொதிக்கவைப்பதால் ஆர்சனிக் நீங்காது (செறிவுதான் கூடும்) என்பதால், கிணற்று நீரைச் சோதித்துப் பார்த்தவர்களுக்கு மட்டும் இதைப் பரிந்துரைப்பேன்.