85 அங்குலத் தொலைக்காட்சி: சுவரிலா, மேசையிலா?

85 அங்குலத் திரை ஏறத்தாழ 188 செ.மீ. அகலமும் 106 செ.மீ. உயரமும் கொண்டது, பெட்டியின் எடை பெரும்பாலும் 40 கிலோவை ஒட்டி வரும். சுவரில் மாட்டினால் தரையில் இடம் மிச்சம். குழந்தைகள் இழுத்துச் சாய்க்கும் அச்சமும் குறைவு. ஆனால் எல்லாம் சுவரைப் பொறுத்தது. துளையிடும்போது சிவப்புத் தூள் கொட்டினால் பெரும்பாலும் செங்கல்தான், ஆங்கர் போல்ட் (துளைக்குள் விரிந்து பிடிக்கும் திருகாணி) இறுகப் பிடிக்கும். வெளிறிய சாம்பல் தூள் மாவாக உதிர்ந்தால் அது புதிய அடுக்ககங்களில் பரவலாகிவிட்ட ஏ.ஏ.சி. பிளாக்காக (காற்றுக் குமிழ்கள் நிறைந்த இலகுவான கான்கிரீட் கல்) இருக்கலாம் என்பதால், அதற்கென்றே விற்கும் ஆங்கரைக் கேட்டு வாங்க வேண்டும். பின்னால் உறுதியான சட்டமில்லாத ஜிப்சம் தடுப்பில் மாட்டவே கூடாது.

மேசையில் வைப்பதில் துளை, தூசி எதுவுமில்லை, எச்.டி.எம்.ஐ. கேபிள் மாற்றுவதும் எளிது. பல மாடல்களில் தொலைக்காட்சியின் கால்கள் இரு ஓரங்களில் அமைவதால், மேசை வாங்குமுன் கால்களின் இடைவெளியை அளந்துகொள்ள வேண்டும். சுமார் 45 செ.மீ. உயர மேசையானால் திரையின் நடுப்பகுதி, சோபாவில் அமர்ந்திருப்பவரின் கண்மட்டத்துக்கு அருகில் வரும். சுவரில் மாட்டுவோர் பலர் (பூஜைப் படம்போல) கழுத்து வலிக்கும் உயரத்தில் மாட்டிவிடுகிறார்கள். வாடகை வீட்டுக்கு, சாயாமல் பிடிக்கும் பட்டையுடன் கூடிய மேசையையே நான் பரிந்துரைப்பேன்.