பூட்டிய வீடுகளுக்கு ஒரு சின்ன லென்ஸ்

புதுக்கோட்டையில் ஓர் உரக்கடையில் கணக்கு எழுதுகிறேன். ஞாயிறு மட்டும்தான் லீவு. அன்றைக்கு விடியுமுன்பே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ராயவரம், கோனாப்பட்டு, கானாடுகாத்தான் பக்கம் போய், பூட்டிக் கிடக்கும் செட்டிநாட்டு வீடுகளைப் படம் எடுப்பது நாலு வருஷப் பழக்கம். கடைசி ஒன்றரை வருஷமாகக் கேமராவில் மாட்டியிருப்பது ஒரே லென்ஸ்தான்: கேனன் இஎஃப்-எஸ் 24 எம்எம் எஃப்/2.8 எஸ்டிஎம். ஓய்வு பெற்ற கல்யாண போட்டோகிராபர் ஒருவரிடம் 6,500 ரூபாய்க்கு வாங்கினேன். அதைப் பற்றித்தான் இது.

கையில் வாங்கியதும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. 125 கிராம். மளிகைக் கடைக் கணக்கில் அரைக்கால் கிலோ. தடிமன் இரண்டேகால் சென்டிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். ஜூம் கிடையாது. கிட்டப் பார்க்க வேண்டுமா, கிட்டப் போ. தள்ளிப் பார்க்க வேண்டுமா, பின்னால் நட.

அதற்கு முன்னால் என்னிடம் இருந்தது கேனன் 200டி கேமராவோடு வந்த 18-55 எம்எம் ஜூம் லென்ஸ். அது நல்ல லென்ஸ்தான், கெட்டுப்போனது என் பழக்கம். அகலமாகப் பார்க்கும் 18-இல் வைத்துத் தெரு முழுக்க அள்ளிக்கொண்டு வந்து, ‘வேண்டியதை வீட்டில் வெட்டிக்கொள்ளலாம்’ என்று இருப்பேன். வீட்டின் உச்சியில் கஜலட்சுமி சுதைச் சிற்பம் இருக்கும், அதைப் பிடிக்கக் கேமராவை அண்ணாந்து சாய்ப்பேன். சாய்த்த மாத்திரத்தில் தூண்கள் எல்லாம் மேலே போகப் போக உள்பக்கமாகச் சாயும், வீடே பின்னால் விழப்போவது மாதிரி இருக்கும். கணினியில் நிமிர்த்தினால் நிமிரும். ஆனால் படம் கீழே குறுகி மேலே விரிந்த வடிவத்துக்கு வந்துவிடும். மேல் அகலத்தை விடாமல் அதைச் செவ்வகமாக வெட்டினால் கீழ்ப்பகுதி போய்விடும், அதோடு திண்ணையும் காணாமல் போகும். திண்ணை இல்லாத செட்டிநாட்டு வீட்டை நான் என்ன செய்ய?

இந்த லென்ஸில் நான் பிடித்த வழி இதுதான். கேமராவைச் செங்குத்தாகத் திருப்பிப் பிடித்துக்கொள்வேன். சுவருக்கு நேர் எதிரே, துளியும் மேலே சாய்க்காமல். மேலே சுதை வரும்வரை பின்னால் நடப்பேன். எதிர்வீட்டுத் திண்ணை கிடைத்தால் அதில் ஏறிக்கொள்வேன் (எதிர்வீடும் பூட்டித்தான் இருக்கும்). இப்போது கீழ்ப்பாதியில் வேண்டாத தார் ரோடும் ஆட்டுப் புழுக்கையும் நிறைய விழும். விழட்டும். 200டியின் படம் 6000-க்கு 4000 புள்ளி (பிக்சல்). நிற்கும் படத்தில் உயரம் 6000. கீழே 1000 புள்ளி ரோட்டை வெட்டி எறிந்தால் 5000-க்கு 4000, அதாவது 8-க்கு 10 அங்குலப் பிரிண்டுக்கு அச்சாக அதே அளவு. தூண் நேராக நிற்கும், திண்ணை முழுசாக இருக்கும். கட்டடக்காரர்கள் இதற்கென்றே, கேமராவைச் சாய்க்காமல் லென்ஸை மட்டும் மேலே நகர்த்தும், விலை கூடின ஷிஃப்ட் லென்ஸ் வைத்திருப்பார்கள். நம்முடையது ஏழை வீட்டு ஷிஃப்ட்.

இதற்கு ஒரு கணக்கு உண்டு, கணக்குப்பிள்ளை என்பதால் போட்டுப் பார்த்துவிட்டேன். செங்குத்தாகப் பிடித்து 40 அடி தள்ளி நின்றால், கேமரா மட்டத்துக்கு மேலே சுமார் 18 அடி கிடைக்கும். படுக்கையாகப் பிடித்தால் 12 அடிதான். ஒற்றை மாடி முகப்புக்கு இது போதும். மாடி மேல் மாடி வைத்து, அதன் மேல் கைப்பிடிச் சுவரும் சுதையும் வைத்துக் கட்டிய வீடு என்றால், தெரு அகலமே பத்தாது. அங்கே இந்த லென்ஸ் கையை விரித்துவிடும். அந்த வீடுகளுக்கு 10-18 மாதிரி அகலமான லென்ஸ்தான் வேண்டும், ஓரத்துத் தூண்கள் கொஞ்சம் இழுபடும் என்பதைப் பொறுத்துக்கொண்டு.

ஆனால் கையை விரித்ததில் ஒரு நன்மை நடந்தது. முழு வீடு அடங்காது என்று தெரிந்ததும், வீட்டில் எதை எடுப்பது என்று யோசிக்க ஆரம்பித்தேன். ஒரு திண்ணை, அதன் நிலைக்கதவு, கதவில் தொங்கும் மூன்று பூட்டு. பங்காளிகள் ஆளுக்கொரு பூட்டுப் போட்டிருக்கிறார்கள். முழு முகப்பை எடுத்திருந்தால் அந்தப் பூட்டுகள் மூன்று கடுகாகப் போயிருக்கும்.

வீட்டுக்குள்ளே போக எல்லா நாளும் வாய்க்காது. கோனாப்பட்டுப் பக்கம் ஒரு வீட்டைக் காவல் காக்கும் பெரியவர் ஒருநாள் திறந்துவிட்டார். இந்த வீடுகள் கிழக்கு மேற்காக நீண்டு, முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கும். முகப்பு நிலைக்குள் வளவின் (நடுமுற்றக் கட்டின்) நிலை, அதற்குள் இரண்டாங்கட்டு நிலை, கடைசியில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் பின்தெரு வெயில். நிலைக்குள் நிலை ஒட்டாமல் வரவேண்டும். கேமரா ஒரு விரற்கடை இடப்பக்கம் போனால் உள் நிலை வெளி நிலையில் இடித்துவிடும். அப்படி இடித்ததை வெட்டிச் சரிசெய்யவே முடியாது. வெட்டினால் ஓரம்தான் போகும், கோணம் மாறாது. இருபது நிமிஷம் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே இருட்டு வேறு. இந்த லென்ஸில் நடுக்கத்தைத் தாங்கும் வசதி கிடையாது. லென்ஸின் துவாரத்தை எஃப்/2.8-க்கு முழுக்கத் திறந்து, ஐஎஸ்ஓவை (ஒளியை உணரும் அளவை) 1600-க்கு ஏற்றி, துண்டை மடித்துத் தரையில் போட்டு அதன் மேல் கேமராவை வைத்து எடுத்தேன். எஃப்/2.8-இல் மூலைகள் கறுக்கும். இருட்டு வீட்டில் அது ஒரு குறையாகத் தெரியவில்லை, வெளியே வெயிலில் துவாரத்தைச் சுருக்கி எஃப்/8 வைத்துவிட்டால் பிரச்சினையே இல்லை. 16 சென்டிமீட்டர் வரை கிட்டப் போகலாம் என்பதால், பெயர்ந்த ஆத்தங்குடித் தரைக்கல் ஒன்றையும் மூக்கால் முகர்கிற தூரத்தில் எடுத்தேன்.

கிளம்பும்போது வெளியே ஒரு படம். கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்திருந்தது. அதை ஒதுக்கிவிட்டுச் சுதையை மட்டும் எடுக்க இடம் பார்த்து நகர்ந்துகொண்டிருந்தேன். பெரியவர் கேட்டார், “தம்பி, அந்தக் கன்னை ஏன் விடுறீங்க? போன ஆடியில அது இல்ல. அதுதான் இப்ப வீட்டுக்குச் சொந்தக்காரன்.” சேர்த்தே எடுத்தேன். அதுவரை என் படங்களில் மின்கம்பம், கேபிள் வயர், பிளாஸ்டிக் குடம் எல்லாவற்றையும் வெட்டிக்கொண்டிருந்தவன் நான். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில், பிரித்துக் கொண்டுவந்த தூணும் நிலையும் வரிசையாக விற்பனைக்கு நிற்கும், பார்த்திருப்பீர்கள். அப்படி வீட்டிலிருந்து தனியாகப் பிரித்த மாதிரிதான் என் பழைய படங்களும் இருந்தன.

பிரிண்டு பற்றி ஒரு வார்த்தை. ஒரு கடையில் (பெயர் வேண்டாம்) வெட்டாத படத்தை அப்படியே கொடுத்து 8-க்கு 10 கேட்டேன். மெஷின் மேலே கொஞ்சம், கீழே கொஞ்சம் என்று சமபங்காக வெட்டித் தள்ளிவிட்டது. ரோடு பத்திரமாக இருந்தது, கஜலட்சுமிக்குத் தலை இல்லை. இப்போது நானே அளவுக்கு வெட்டித்தான் கொடுக்கிறேன். 12-க்கு 18 என்றால் கேமரா படத்தின் அதே விகிதம்தான், வெட்ட வேண்டியதில்லை. ஆனால் அந்த அளவுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்தால் 5400-க்கு 3600 வேண்டும். அதாவது நீளத்திலும் அகலத்திலும் பத்தில் ஒரு பங்குதான் வெட்டக் கையிருப்பு. பெரிய பிரிண்டு போடப்போகிற படத்தைத் தெருவிலேயே சரியாக எடுத்தாக வேண்டும்.

வாங்குகிறவர்களுக்குச் சில்லறை விஷயங்கள். வெயில் படாமல் முன்னால் மாட்டும் ஹூட் இதோடு வராது, தனியாக வாங்க வேண்டும். ஃபோகஸ் வளையம் மின்சாரத்தில் ஓடுவது, கேமரா அணைந்திருந்தால் சும்மா சுற்றும். பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃப்ரேம் டிஎஸ்எல்ஆரில் மாட்டாது. கல்யாண வீட்டில் ஓடியாடி எடுப்பவர்கள் இதை நம்பி இறங்க வேண்டாம், எனக்கு விற்றவரே அதற்காகத்தான் விற்றார்.

அடுத்த ஞாயிறு ராயவரம். ஒரு வீட்டின் பின்வாசல் மேற்குப் பார்த்தது, போனவாட்டி காலையில் போய் நிழலோடு திரும்பினேன். இந்தமுறை மூன்று மணிக்கு மேல் போகிறேன்.