தேரிக்கரையா, கோகர்ணமா?

கொங்கு நாட்டில் கடல் இல்லை. ஆனால் கடலுக்குப் போகிற வழி உண்டு. கோவைக்குப் பக்கத்தில் சுண்டக்காமுத்தூரில் ராஜகேசரிப் பெருவழிக் கல்வெட்டு இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டி மேற்குக் கரைக்குப் போன பழைய வழி அது. நானும் மனைவியும் மூன்று வருடமாக ஒரு ஆம்னி வண்டியில் சென்னிமலைப் போர்வைகளை ஏற்றிக்கொண்டு, ஊர் ஊராக விற்று வாழ்கிறோம். தாராபுரத்து வீட்டில் படுத்ததைவிடக் கடற்கரைக் கூடாரத்தில் படுத்த இரவுகள்தான் அதிகம். எங்களைப் பார்த்துக் கிளம்ப நினைக்கிற சொந்தக்காரப் பிள்ளைகள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: கடற்கரையில் கூடாரம் போடக் கிழக்கே போவதா, மேற்கே போவதா?

கிழக்கு என்று நான் சொல்வது தூத்துக்குடி மாவட்டத்தின் தென்பகுதியை. மணப்பாடு, பெரியதாழை என்று தேரி என்கிற செம்மணல் மேடும் பனையுமாகக் கிடக்கிற கரை. மேற்கு என்றால் கர்நாடகத்துக் கோகர்ணம். அதிலும் ஊரை ஒட்டிய கடற்கரை அல்ல. ஓம் கடற்கரைக்கு அப்பால் நடந்தோ படகிலோ மட்டும் போகக்கூடிய ஹாஃப் மூன், பாரடைஸ்.

முதலில் மாதத்தைப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் கிழக்கே போக வேண்டாம்; வடகிழக்குப் பருவமழையும் புயலும் வருகிற காலம். கார்த்திகை பாதிக்கு மேல் கோகர்ணம் அருமையாக இருக்கும். ஆனி, ஆடியில் மேற்குக் கரையை நினைக்கவே வேண்டாம். தேரிக்கரையில் அப்போது மழை குறைவுதான், ஆனால் காற்று செம்மணலை வாரி இறைக்கும். அந்தத் தேரிமேடுகள் குவிந்ததே அந்தப் பருவக் காற்றால்தான். கணவாய்க்கு நேரே குடியிருக்கிற நமக்கு ஆடிக்காற்றைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அப்படி நினைத்துத்தான் முதல் வருடம் ஏமாந்தேன். என் அப்பாரு, அதாவது தாத்தா, செம்மறிப் பட்டி போட்டவர். வெள்ளாமை எடுத்த காடுகளில் ஆட்டை அடைக்கப் படலை நட்டு, சில நாளுக்கு ஒருமுறை இடம் மாற்றுவார். நடுமுன் ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து மேலே தூவிக் காற்று எந்தப் பக்கம் என்று பார்ப்பார். மணப்பாட்டில் நான் அதைச் செய்யவில்லை. தை மாதம், சாயங்காலம் காற்றே இல்லை. நடுராத்திரியில் முளைக்குச்சி அத்தனையும் மணலிலிருந்து பிடுங்கிக்கொண்டு வர, கூடாரம் எங்களையும் சேர்த்துச் சுருட்டியது. விடியற்காலையில் வலை இழுக்க வந்த பெரியவர் ஒருவர், "தம்பி, வாடை இன்னும் அடங்கல. மேட்டுக்கு அந்தப் பக்கம் போயிருங்க" என்றார். "சரிங்க" என்று சாமானைத் தூக்கிக்கொண்டு போனோம். அதற்கப்புறம் முளைக்குச்சியை மணலில் அடிப்பதே இல்லை. காலிச் சாக்கில் மணலை நிரப்பி, கயிற்றைக் கட்டி, முழங்கால் ஆழத்தில் குறுக்காகப் புதைக்கிறோம். எந்தக் காற்றுக்கும் அசைந்ததில்லை.

கோகர்ணத்தில் தரை வேறு. கொஞ்சம் மண்ணைத் தோண்டினாலே செம்புரைக்கல். முளைக்குச்சி வளையும், இறங்காது. பாறையிலோ மரத்திலோதான் கயிற்றைக் கட்ட வேண்டும். குன்று மறைப்பதால் காற்றுத் தொல்லை குறைவு. காலையில் வெயில் தாமதமாகத்தான் வரும், நன்றாகத் தூங்கலாம். தேரிக்கரையில் சூரியன் கடலிலிருந்து நேராகக் கூடாரத்துக்குள் வந்துவிடும்.

ஆனால் கோகர்ணத்தில் நான் பயப்படுவது கடலுக்கு. குன்றுக்கும் தண்ணீருக்கும் நடுவே மணல் கொஞ்சம்தான். ஓதம் ஏறி இறங்குகிற உயரமும் நம் தென்கரையைவிட அங்கே அதிகம். போதாததற்குக் கள்ளக்கடல். எங்கோ தெற்கே நடுக்கடலில் அடித்த புயலின் அலை, இங்கே காற்றே இல்லாதபோது கரையேறுவதைக் கேரளத்து மீனவர்கள் அப்படிச் சொல்கிறார்கள். சித்திரை, வைகாசியில் கவனம் தேவை. ஹைதராபாத்தில் இருக்கிற, கடல் நிலையைக் கணித்துச் சொல்லும் இன்காய்ஸ் நிலையம் முன்கூட்டியே எச்சரிக்கை தருகிறது. அதைப் பார்க்காமல் நாங்கள் படுப்பதில்லை. நம் தென்கோடிக்கும் இது வரும். மணப்பாட்டில் பின்வாங்க மேடு இருக்கிறது, பாரடைஸில் பாறைதான் இருக்கிறது.

தண்ணீர்தான் எனக்குத் தீர்ப்புச் சொன்ன விஷயம். குடிக்க, சமைக்க எங்கள் இருவருக்கும் ஒரு நாளைக்கு 10 லிட்டர் வேண்டும். பாரடைஸுக்கு வண்டி போகாது. கேனைத் தோளில் வைத்துக்கொண்டு ஏறி இறங்கினால் மூன்றாம் நாளே முதுகு பேசும். தேரியில் பெய்த மழை மணலுக்குள் இறங்கி நன்னீராகவே நிற்கிறது. மேலப்புதுக்குடியில் அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலுக்குப் போய்ப் பாருங்கள், செம்மணலுக்கு நடுவே சுனை. ஊர்க்காரர்கள் காட்டிய ஊற்றில் நாங்கள் குடம் நிரப்பியிருக்கிறோம். பங்குனிக்கு மேல் பதநீர் வேறு. எங்கள் பக்கம் தெளுவு என்போம், பெயர்தான் வேறு.

ஆட்கள் விஷயத்தில் இரண்டு இடத்திலும் கேட்காமல் இறங்கக் கூடாது. கோகர்ணத்தில் என் மனைவி வீட்டுக் கன்னடம் கைகொடுத்தது, இருந்தும் ஒருமுறை இரவு பதினொரு மணிக்குக் கிளம்பச் சொல்லிவிட்டார்கள். மணப்பாட்டில் கரை என்பது வேலை செய்கிற இடம்; வலை காயும், படகு ஏறும். ஊர்ப் பெரியவர்களிடம் முதலிலேயே கேட்டதால் ஒதுக்கமாக ஓர் இடம் காட்டினார்கள். தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமை முட்டையிட வரும் கரைகள் இவை. கடல் பக்கம் விளக்கு வேண்டாம், தீ வேண்டாம். சாக்குப் புதைத்த குழியைக் கிளம்பும்போது மூடிவிடுங்கள், ஆமைக்குஞ்சு விழுந்தால் ஏற முடியாது.

ஒரு வாரம் விடுமுறை, கையில் வேலை இல்லை என்றால் மார்கழியில் கோகர்ணம் போங்கள். என்னைப் போல அங்கேயே சமைத்து, அங்கேயே விற்று, ஒரு மாதம் இருக்க வேண்டுமென்றால் தேரிக்கரைதான், சந்தேகமே இல்லை. பொங்கல் முடிந்து நாங்கள் மணப்பாட்டுக்குக் கிளம்புகிறோம். வண்டியில் நாற்பது போர்வை, பத்துக் காலிச் சாக்கு. அந்தப் பெரியவருக்கென்று ஒரு போர்வையைத் தனியாக மடித்து வைத்திருக்கிறாள் மனைவி.