கல்லா, கண்ணாடியா? ரோமானியரின் இரண்டு வெண்புடைப்புகள்

வியன்னாவில் இருக்கிறது ‘கெம்மா அகஸ்டியா’. லண்டனில் ‘போர்ட்லண்ட் குவளை’. இரண்டிலும் கருமையான பின்னணியில் வெள்ளை உருவங்கள் புடைத்து நிற்கின்றன. படத்தில் மட்டும் பார்த்தால் ஒரே பட்டறை வேலை என்று தோன்றும். ஆனால் முதலாவது கல், இரண்டாவது கண்ணாடி.

கல்லில் அடுக்கு இயற்கை தந்தது. ஓனிக்ஸ் என்ற பல நிற அடுக்குக் கல்லில் வெள்ளைப் படலம் எங்கே தடித்திருக்கிறது, எங்கே மெலிகிறது என்று பார்த்துப் பார்த்துத்தான் உருவங்களை அமைக்க முடியும். கெம்மா அகஸ்டியா 23 செ.மீ. அகலம், 19 செ.மீ. உயரம்தான். அதற்குள் மேலே ரோமப் பேரரசர் அகஸ்டஸும் ரோமா தேவியும். கீழே வெற்றிச் சின்னத்தை நடும் வீரர்கள், காலடியில் கைதிகள். கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் இந்தக் கல்லுக்கு ஏறக்குறைய 7. சுழலும் முனையில் எமரி போன்ற கடினமான பொடியைத் தடவி, கொஞ்சங்கொஞ்சமாக எடுக்க வேண்டும். செதுக்கல் என்கிறோமே தவிர, நடப்பதெல்லாம் தேய்ப்புதான்.

கண்ணாடியில் அடுக்கைக் கைவினைஞரே உண்டாக்குகிறார். ஊதிய நீலக் குமிழை உருகிய வெள்ளைக் கண்ணாடியில் தோய்த்தார்கள் என்பது பரவலான விளக்கம். அதனால் வேண்டிய வடிவம் கிடைத்தது. குவளையின் உயரம் ஏறக்குறைய 24 செ.மீ. கண்ணாடி, கல்லைவிட மென்மையும்கூட. சரி, அப்படியானால் சுலபமா? இல்லவே இல்லை. ஆறும்போது இரண்டு கண்ணாடியும் ஒரே அளவில் சுருங்க வேண்டும். பிசகினால் விரிசல்தான், மாதக்கணக்கில் செதுக்கிய பிறகும் அந்தப் பயம் போகாது. 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயக் கண்ணாடிக் கைவினைஞர் ஜான் நார்த்வுட் இந்தக் குவளையைக் கண்ணாடியிலேயே நகலெடுத்தார். வேலை முடிய 3 ஆண்டுகள் பிடித்தன, 1876 வரை.

நீடித்து நிற்பதில் கல்லுக்கே வெற்றி. கெம்மாவின் இடது ஓரம் மட்டும் போயிருக்கிறது. குவளையோ 1845இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஒருவர் கையால் நொறுங்கி, 200க்கும் மேற்பட்ட துண்டுகளானது. பிறகு ஒட்டினார்கள், 1940களின் கடைசியிலும் 1980களின் கடைசியிலும் பிரித்து மறுபடி ஒட்டினார்கள்.

இருந்தும் என் மனம் குவளையிடம்தான் போகிறது. வெள்ளையை மெலிதாக்கி, அடியிலுள்ள நீலம் நிழலாகக் கசியும்படி விட்டிருக்கிறார்களே, அந்த வேலைக்காக. கையில் தீப்பந்தம் தலைகீழாகத் தொங்கச் சாய்ந்திருக்கும் அந்தப் பெண்ணை உற்றுப் பாருங்கள்.